‘கில்’ என்றால் அடி

ஹில்டாவுக்கு வெள்ளைக்காரர்களின் ஆங்கிலம் அடி வாங்கி வந்தது. மிஷன் பள்ளிக்கூடத்தில் தன் பழங்குடி ஆட்கள் பேசுகிற ஆங்கிலம் வாய் தவறி வந்துவிட்டால், டீச்சர் அடிமட்டத்தை நிமிர்த்திப் பிடித்து விரல் முட்டியில் போடுவாள். பன்னிரண்டு வயதில் ஹில்டா பேசினால் செய்தி வாசிப்பது போல இருக்கும். அவள் சனங்கள் குடியிருந்த ஆற்றங்கரை முகாமில் அவளுக்கு ‘ரேடியோ’ என்று பெயரே வைத்துவிட்டார்கள். அத்தனை நல்ல ஆங்கிலத்துக்குக் கிடைத்தது டவுன் ஆஸ்பத்திரியில் துணி துவைக்கும் வேலை.

பாலத்துக்கு அந்தப் பக்கம் டவுனில் ஒரு ஆங்கிலம், இந்தப் பக்கம் முகாமில் ஒரு ஆங்கிலம். இரண்டும் அவளுக்குச் சரளம். அவள் தம்பி கிளான்சிக்கு இந்தப் பக்கத்து ஆங்கிலம் மட்டும்தான் தெரியும். மாட்டுப் பண்ணைகளில் வளர்ந்தவன், கூச்ச சுபாவம். வெள்ளைக்காரன் குரலை உயர்த்திக் கேட்டால் எதற்கும் ‘ஆமா பாஸ்’ என்றுதான் சொல்வான்.

ஒரு சனிக்கிழமை, கால்பந்து ஆட்டம் முடிந்து எல்லோரும் பீர் குடித்துக்கொண்டிருந்தபோது, கிளான்சிக்கும் அவன் மனைவி லோர்னாவின் அண்ணனுக்கும் தகராறு வந்தது. அந்த அண்ணனின் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. இறந்தவர் பெயரை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. கிளான்சியின் சேணத்தைக் கேட்காமல் எடுத்துப்போய்க் கிழித்துக்கொண்டு வந்திருந்தான் அவன். கிளான்சி கம்பை எடுத்துத் தொடையில் ஒன்று, கையில் ஒன்று போட்டான். அடி வாங்கியவன் கெட்ட வார்த்தை சொல்லிச் சிரித்துவிட்டு ஆற்றுப்பக்கம் நடந்து போனான். மறுநாள் காலையில் ஆற்றைக் கடக்கும் பாறைகளுக்கு நடுவே பிணமாகக் கிடந்தான்.

முகாம் ஆட்களை விசாரிக்கும்போது துணைக்கு ஒருவர் உட்கார வேண்டும் என்று போலீஸுக்கு உத்தரவு இருந்தது. சார்ஜெண்ட் கெல்லர் நேரே சலவைக்கூடத்துக்கு வந்தார்.

“ஹில்டா, உன் தம்பிக்குத் துணையா வந்து உக்காரு. நீ ஒண்ணும் பேச வேண்டாம். உக்காந்திருந்தா போதும்.”

போனாள். மேசைமேல் டேப் ஓடியது.

“நீ அவனைக் கில் பண்ணியா?”

“ஆமா பாஸ். கில் பண்ணேன்.”

“எதால?”

“கம்பால. ரெண்டு தடவ கில் பண்ணேன். இங்க ஒண்ணு, இங்க ஒண்ணு.”

சொல்லிக்கொண்டே தொடையையும் கையையும் தொட்டுக் காட்டினான். டேப்புக்குக் கண் ஏது?

ஆற்றங்கரையில் ‘கில்’ என்றால் அடி. “அண்ணன் என்னக் கில் பண்ணிட்டான்” என்று குழந்தைகள் அழுதுகொண்டு ஓடிவரும். “சேட்ட பண்ணுனா கில் பண்ணிடுவேன்” என்று தாய்மார் மிரட்டுவார்கள். உயிரையே எடுத்துவிட்டால்தான் ‘கில் பினிஷ்’. அவர்களுடைய சொந்த மொழியில் அடிப்பதற்கும் கொல்வதற்கும் வினைச்சொல் ஒன்றுதான். அது அப்படியே ஆங்கிலத்துக்குள் வந்து உட்கார்ந்துவிட்டது.

ஹில்டாவுக்குச் சுருக்கென்றது. கெல்லரைப் பார்த்தாள். ஆறு வருடமாக இந்த ஊரில் இருப்பவர். முகாம் குழந்தைகளுக்குப் பந்து வாங்கிக் கொடுத்தவர். இவருக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்தாள். பேச வேண்டாம் என்று வேறு சொல்லியிருக்கிறார். விரல்கள் தாமாகவே மடிக்குள் மடங்கிக்கொண்டன. கடைசியில் சாட்சிக்குக் கையெழுத்துக் கேட்டார்கள். அழகாகப் போட்டுக் கொடுத்தாள்.

வழக்கு நடந்தது தலைநகரத்தில். கிளான்சிக்காக வாதாட அரசாங்கம் அமர்த்திய வக்கீல் அவனோடு பத்து நிமிடம் பேசினார்.

“நீயே ஒத்துக்கிட்டப்பா. இனிமே மாத்திப் பேசுனா வருஷம் கூடும்.”

“ஆமா பாஸ்,” என்றான் கிளான்சி.

நீதிபதி தீர்ப்பை வாசிக்கையில் இறந்தவன் பெயர் திரும்பத் திரும்ப வந்தது. வந்த ஒவ்வொரு தடவையும் அவன் வீட்டுப் பெண்கள் அடி விழுந்தது போலக் குனிந்தார்கள். ஹில்டாவால் அதற்குமேல் உட்கார முடியவில்லை. எழுந்துவிட்டாள்.

“ஐயா, கில்னா அடிச்சான்னு அர்த்தம்! கொன்னேன்னு அவன் சொல்லவே இல்ல! ஒரே ஆள ரெண்டு தடவ எப்படிங்கய்யா கொல்ல முடியும்?”

நீதிபதி மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். “உக்காருங்கம்மா. இந்தக் கையெழுத்து உங்களோடதுதானே?”

ஒன்பது வருடம்.

முகாமுக்குத் திரும்பிய அன்று, எதிரே வந்த லோர்னா வழிவிடாமல் நின்றாள். “ஏன் ரேடியோ, தெனமும் பாடுவியே. அன்னிக்கு மட்டும் பேட்டரி தீந்துபோச்சா?”

ஹில்டா அவளைச் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனாள். அன்று முதல் கடிதம் எழுத ஆரம்பித்தாள். அமைச்சருக்கு, வக்கீல் சங்கத்துக்கு, பத்திரிகைகளுக்கு, ஒரு பிழை இல்லாமல். சம்பந்தப்பட்ட சொல்லுக்கு அகராதியில் தெளிவான பொருள் இருக்கிறது என்று ஒரு அதிகாரி பதில் போட்டார். மூன்று வருடம் கழித்து பிரிஜிட் என்ற இளம் வக்கீல் டேப்போடு அவள் வீடு தேடி வந்தாள். சமையலறையில் உட்கார்ந்து கேட்டார்கள்.

“இங்க ஒண்ணு, இங்க ஒண்ணுங்கறாரே. இங்கன்னா எங்க?”

ஹில்டா தன் தொடையிலும் கையிலும் தட்டிக் காட்டினாள்.

பிரிஜிட் பிரேதப் பரிசோதனைக் குறிப்பைத் தேடி எடுத்தாள். தொடையிலும் கையிலும் கன்றிப்போன காயம். மண்டை உடைந்திருந்தது பின்பக்கம். அந்தக் காயத்துக்குள் பாறைப் பாசி. கம்படி இல்லை, பாறையில் வழுக்கி விழுந்த அடி. எல்லாம் முதல் நாளே டாக்டர் எழுதி வைத்ததுதான். குற்றவாளியே ஒத்துக்கொண்ட பிறகு அதை எதற்குப் படிப்பது என்று விட்டுவிட்டார்கள். மேல்முறையீடு முடிய இன்னும் ஒன்றரை வருடம் இழுத்தது. கிளான்சியை விடுதலை செய்தார்கள். கெல்லர் அதற்குள் பதவி உயர்வில் தெற்கே போயிருந்தார்.

கிளான்சி தலை நரைத்து வந்தான். அவன் உள்ளே இருந்தபோது அம்மா போய்விட்டாள். அடக்கத்துக்கு அவனை விடவில்லை. லோர்னா தன் சனங்களோடு வேறு ஊருக்குப் போயிருந்தாள். கோர்ட்டுத் தாள் இப்போது என்ன சொன்னால் என்ன? நாலரை வருடம் கொலைகாரனின் மனைவி என்று கேட்ட காது அது.

ஹில்டா மீனைத் தணலில் சுட்டு, சாம்பலில் புதைத்துச் சுட்ட ரொட்டியும் தேநீரும் வைத்தாள். அவன் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டான். பிறகுதான் பேசினான்.

“நீ அங்கதான உக்காந்திருந்த.”

“சார்ஜெண்டுக்குத் தெரியும்னு நெனச்சேண்டா.”

“அவனுக்குத் தெரியாது. ஒனக்குத் தெரியும்.”

அவன் சத்தம் போட்டிருந்தால் அவள் அழுதிருப்பாள். அவன் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் படுத்தான். காலையில் மாட்டு லாரியில் ஏறி, தூரத்துப் பண்ணை ஒன்றுக்குப் போய்விட்டான். அதன் பிறகு அவன் அங்கே இருக்கிறான், இங்கே இருக்கிறான் என்று மற்றவர்கள் வந்து சொல்வார்கள். அவளுக்கென்று ஒரு வார்த்தை வந்ததில்லை.

புதிதாக வேலைக்குச் சேரும் போலீஸ்காரர்களுக்கு முகாம் பேச்சைப் பற்றிச் சொல்லித்தர ஹில்டாவைக் கூப்பிட்டார்கள். நீலக் கவுன் போட்டுக்கொண்டு போனாள். கரும்பலகையில் ‘கில்’ என்று எழுதி, பக்கத்தில் அடி, அறை, உதை என்று வரிசையாக எழுதினாள்.

“அப்ப நெசமாவே கொன்னவன் என்ன சொல்வான்?” என்றான் முன்வரிசைப் பையன் ஒருவன்.

“கில் பினிஷ்னு சொல்வான்.”

“பேசாம எல்லாரும் ஒழுங்கா இங்கிலீஷ் கத்துக்கிட்டா இந்தப் பிரச்சினையே வராதே!”

அறை சிரித்தது. ஹில்டா சாக்கட்டியைக் கீழே வைத்தாள்.

“ஒழுங்காக் கத்துக்கிட்டவ ஒருத்தி அந்த ரூம்ல இருந்தா, தம்பி.”

அவர்களுக்கு அது புரியவில்லை. அவளும் விளக்கவில்லை. அடுத்த சொல்லை எழுதினாள். தேநீர் இடைவேளையில் அந்தப் பையன் வந்து, பிஸ்கட் வேண்டுமா என்று மரியாதையாகக் கேட்டான். அடுத்த வருடமும் கூப்பிட்டார்கள். போனாள்.