கால்களையும் சேர்த்து நாற்பத்தேழு கிலோ

காக்ஸ் டவுனில் எஸ்.டி.டி. பூத் நடத்தத் தொடங்கியபோது எனக்கு இருபத்தாறு வயது. தொண்ணூறுகளின் நடுப்பகுதி. இரண்டு வயதில் வந்த போலியோ என் இரண்டு கால்களையும் ஓய வைத்திருந்தது. வீடு ஜீவனஹள்ளியில். கையால் சுற்றி ஓட்டும் மூன்று சக்கர வண்டியில் காலையில் கிளம்பினால், மேட்டில் மூச்சைப் பிடித்து ஏறி, எட்டரைக்கு பூத்தைத் திறந்துவிடுவேன். மத்தியானம் சாப்பிடப் போக வர ஒருமுறை, சாயங்காலம் திரும்ப ஒருமுறை. பள்ளிக்கூட நாளிலிருந்து அந்த வண்டிதான். அத்தனை வருஷம் சுற்றினால் தோளும் முன்கையும் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இரக்கப்பட வேண்டும் என்று இதைச் சொல்லவில்லை. இரக்கம் எனக்கு வேண்டிய மட்டும் கிடைத்துக்கொண்டுதான் இருந்தது. ஃபோன் பேசிவிட்டுப் போகிறவர்கள் என் காலைப் பார்த்து, "கர்த்தர் உன்னைக் கைவிட மாட்டார்ப்பா" என்பார்கள். நான் தலையாட்டுவேன். உள்ளுக்குள் எனக்கு வேண்டியிருந்தது வேறு. யாராவது ஒருத்தர் என்னோடு சரிக்குச் சரியாக மல்லுக்கு நிற்க வேண்டும்.

பூத்துக்குப் பக்கத்தில் கேட்டும் கிரில்லும் செய்கிற வெல்டிங் கடை. கரண்ட் போகிற மத்தியானங்களில் வேலை நின்றுவிடும். கடை வாசலில் கவிழ்த்து வைத்த தார் டிரம்மின் மேல் பஞ்சா ஆரம்பிக்கும். முழங்கையை ஊன்றி, கையைக் கோர்த்து, எதிராளியின் கையைச் சாய்க்கிற ஆட்டம். கடைக்கார வெல்டருக்கு என் வயதுதான். எங்கள் தெருவுக்கு கேஸ் சிலிண்டர் போட வருகிற லோடரும் தன் வண்டியை ஓரம் கட்டிவிட்டு வந்து நிற்பார். நிறைந்த சிலிண்டரை ஒற்றைக் கையால் தோளுக்கு ஏற்றுகிற ஆள். அவரை யாரும் ஜெயித்ததில்லை.

ஒரு வருஷம் பூத்துக்குள்ளிருந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் வண்டியை டிரம் பக்கத்தில் கொண்டுபோய், கைகளை ஊன்றி அங்கிருந்த உயர ஸ்டூலுக்கு மாறி உட்கார்ந்தேன்.

"உனக்கு வேணாம் மச்சா. ஏதாவது ஆச்சுன்னா எங்க மேலதான் பழி" என்றான் வெல்டர்.

"கைக்குத்தானடா ஆட்டம்? என் கைக்கு என்ன கேடு?"

சிரித்துக்கொண்டே கையைக் கொடுத்தான். சாய்த்தேன். "சும்மா விட்டுக் குடுத்தேன்" என்றான். அந்தச் சொல்தான் எனக்கு எரிச்சல். மறுபடி வைக்கச் சொன்னேன். மறுபடி சாய்த்தேன். மூன்றாவது முறை அவன் கழுத்து நரம்பு புடைத்ததை எல்லோரும் பார்த்தார்கள். அதற்குமேல் விட்டுக்கொடுத்ததாகச் சொல்ல முடியவில்லை. வேறு கதை தொடங்கினான்.

"இவன் பலத்துல ஜெயிக்கல. என் விரல் பக்கமா ஏறிப் பிடிச்சு மணிக்கட்டைப் பின்னால மடக்கித் திறந்துட்றான். இது ஏமாத்து வேலை."

"நீ பைப்பை வளைக்கும்போது எங்க பிடிச்சு வளைக்கிற? நுனியிலதானே? பைப்பை இறுக்கி வெச்சிருக்கிற வைஸ் பக்கத்துல பிடிச்சு வளையேன், பாக்கலாம். அது மட்டும் ஏமாத்து வேலை இல்லையா?"

அந்தச் சண்டை வாரக் கணக்கில் நடந்தது. கடைசியில் டிரம்முக்கென்று சட்டம் போட்டோம். முழங்கை எழும்பினால் தப்பு. சொல்வதற்கு முன் இழுத்தால் தப்பு. கட்டைவிரல் கணு வெளியே தெரிய வேண்டும். மற்றபடி விரலில் ஏறுவதோ, மணிக்கட்டை உள்ளே மடக்கி இழுப்பதோ அவரவர் சாமர்த்தியம். வெல்டர் முணுமுணுத்தபடியே ஒத்துக்கொண்டான்.

அடுத்த தகராறு, யார் பெரிய ஆள் என்பது. லோடர்தான், அதில் பேச்சே இல்லை என்றான் வெல்டர். எடையைப் பார்க்காமல் எப்படிச் சொல்வாய் என்றேன் நான். எதிரே பழைய பேப்பர் கடையில் மூட்டை நிறுக்கும் தராசு இருந்தது. மூன்று பேரும் ஏறினோம். லோடர் தொண்ணூற்றிரண்டு கிலோ, வெல்டர் எழுபத்தொன்று, நான் நாற்பத்தேழு. பிறகு லோடர் எங்களோடு ஆளுக்கொரு ஆட்டம் போட்டார். வெல்டரின் கை இரண்டு எண்ணுவதற்குள் டிரம்மில் பட்டது. என் கையைச் சாய்க்கப் பேப்பர் கடைக்காரர் பதினொன்று வரை எண்ண வேண்டியிருந்தது.

"இப்ப சொல்லுங்க. எடைக்கு எடை பாத்தா யாரு?"

லோடர் கையை உதறிக்கொண்டே சிரித்தார். "ஏன் குரு, எடைக்கு எடை பாத்தா எறும்புதான் சாம்பியன். ஆனா எறும்பு சிலிண்டர் தூக்காதே!"

எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது. ஆனால் விடவில்லை. எறும்போடு எறும்பை மோதவிட்டால்தானே எது பெரிய எறும்பு என்று தெரியும்?

அடுத்த வருஷம் மர்பி டவுன் பக்கம் ஒரு இளைஞர் சங்கத்தின் ஆண்டு விழாவில் பஞ்சா போட்டி வைத்தார்கள். முழங்கைக்கு மெத்தை வைத்த, மறு கைக்குக் கம்பி வைத்த நிஜமான மேஜை. எடைவாரியாகப் பிரிவுகள். வெல்டர் தன் ஸ்கூட்டரில் என்னை உட்காரவைத்து, கடையின் ஸ்டூலையும் முன்னால் கட்டி எடுத்துக்கொண்டு வந்தான். தராசில் உட்கார்ந்தேன். நாற்பத்தேழு. ஐம்பத்தைந்துக்குக் கீழ் உள்ள பிரிவில் பெயர் எழுதினார்கள்.

அங்கே ஒரு ஜிம்மின் பயிற்சியாளர் பையன்களோடு வந்திருந்தார். என் கையை ஒரு பார்வை பார்த்தவர் நேராக அமைப்பாளரிடம் போனார்.

"சார், இது நியாயமில்ல. அவருக்குக் கால்ல எடையே இல்ல. இருக்கிறதெல்லாம் தோள்லயும் கையிலயும்தான். அறுபத்தஞ்சு கிலோ ஆளோட கை சார் அது. என் சின்னப் பசங்களோட எப்படி விடுவீங்க?"

அமைப்பாளர் சங்கடத்தோடு என்னிடம் வந்து குனிந்தார். "தம்பி, போட்டியெல்லாம் எதுக்கு? மேடையில கூப்ட்டு உங்களுக்கு ஒரு சால்வை போட்டு கௌரவிச்சுடறோம்."

"சால்வை குளிருக்குப் போத்திக்கிறதுக்கு சார். நான் பஞ்சாவுக்கு வந்தேன்."

பயிற்சியாளர் பக்கம் திரும்பினேன். "உங்க பசங்களுக்குக் கால் இருக்கு. தரையை உதைச்சு, மொத்த உடம்பையும் கைக்குக் கொண்டுவர்றாங்க. எனக்கு இடுப்போட முடிஞ்சுபோச்சு. அதை எந்தத் தராசுல வெச்சு நிறுப்பீங்க?"

அவர் சொன்னதில் பாதி நியாயம் இருந்ததை நான் அன்று ஒத்துக்கொள்ளவில்லை. இன்றும் ஒத்துக்கொள்ளப் போவதில்லை. ஆனால் ஒன்று. அந்தக் கூட்டத்தில் என்னைப் பார்த்துப் பயந்த ஒரே ஆள் அவர்தான். கோபத்துக்கு நடுவே எனக்கு அது இனித்தது.

"அறுபத்தஞ்சுலயே போடுங்க" என்றேன். வேண்டாம் என்று வெல்டர் என் தோளைக் கிள்ளினான். நான் விடவில்லை. "போடுங்க சார்."

முதல் ஆட்டத்தில் ஒரு கொத்தனார். இரண்டாவதில் ஒரு பஸ் டிரைவர். இருவருடைய மணிக்கட்டும் நான் விரலில் ஏறிய உடனே திறந்துகொண்டது. இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது அந்தப் பயிற்சியாளரின் பையன். கல்லூரியில் படிக்கிறவன், அறுபத்து நான்கு கிலோ.

நடுவர் சொன்னதும் இருவரும் இழுத்தோம். அவன் கை அசையவில்லை. மெல்ல விரலில் ஏறினேன். அவன் மணிக்கட்டு திறந்தது. கடைசி நான்கு விரற்கடையில் உடம்பைச் சாய்த்தபோது, பிடிமானத்துக்குக் கால் இல்லாததால் மொத்தமாகச் சரிந்தேன். என் முழங்கை மெத்தையை விட்டு எழும்பியது. எனக்கு நன்றாகத் தெரிந்தது. நடுவரும் பார்த்தார். அவர் பார்த்ததை நானும் பார்த்தேன். உடனே அவர் கண்ணை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார். அவன் கை மேஜையில் பட்டது.

கூட்டம் விசிலடித்தது. "எல்போ! எல்போ!" என்று பயிற்சியாளர் கத்தினார். "ஏய், விடுய்யா, பாவம்!" என்று பின்னாலிருந்து நாலைந்து குரல்கள் அவரை அடக்கின.

பாவம். அந்தச் சொல் காதில் விழுந்ததும் உடம்பெல்லாம் எரிந்தது. நடுவர் என் கையைத் தூக்க வந்தார். நான் கையைக் கொடுக்கவில்லை.

"எழும்புச்சு சார். ஃபவுல் குடுங்க."

"சும்மா இருப்பா. ஜனங்க எவ்ளோ சந்தோஷமா இருக்காங்க பாரு" என்றார் மெதுவாக.

"அவன் கை எழும்பியிருந்தா குடுத்திருப்பீங்கல்ல? எனக்கும் குடுங்க."

என் குரல் மைக்கில் விழுந்திருக்க வேண்டும். நடுவர் ஃபவுல் கொடுத்து, ஆட்டத்தைத் திரும்ப வைக்கச் சொன்னார். மறுபடி கைகளைக் கோர்த்தோம். பையன் கெட்டிக்காரன். என் வழியைப் பார்த்துவிட்டான். நான் ஏறுவதற்குள் மணிக்கட்டை உள்ளே மடக்கி என்னைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். கொஞ்ச நேரம் தாங்கினேன். பிறகு என் கை மேஜையைத் தொட்டது. சுத்தமான தோல்வி.

கீழே இறங்கியதும் பையன் வந்து, "அண்ணா, மொதல் தடவை நீங்கதான் ஜெயிச்சீங்க" என்றான்.

"இல்ல தம்பி. எழும்புச்சு" என்றேன்.

வெல்டருக்கு ஆத்திரம் தாங்கவில்லை. திரும்பும் வழியெல்லாம் ஸ்கூட்டரில் கத்திக்கொண்டே வந்தான். "லூசாடா நீ? கப் கையில வந்தாச்சு. வேணாம்னு எவனாவது சொல்வானா?"

"அவங்க குடுத்தது கப் இல்லடா. சால்வை."

அவனுக்குப் புரிந்ததா தெரியவில்லை. டிரம்மைச் சுற்றி ஒரு மாதம் இந்தப் பேச்சுத்தான். பேப்பர் கடைக்காரர் என் பக்கம். லோடர் மட்டும், தான் என்றால் வாயை மூடிக்கொண்டு கப்பை வாங்கியிருப்பேன் என்று ஒளிக்காமல் சொன்னார்.

அடுத்த ஆண்டு சங்கத்தின் நோட்டீஸில் புதிதாக ஒரு வரி இருந்தது: போட்டியாளர் நின்றபடி மட்டுமே மோத வேண்டும். யாரை மனதில் வைத்து அச்சடித்தார்கள் என்று சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்தோடு தூக்கிப் போட்ட, நிற்பதற்காகக் காலில் கட்டும் இரும்புக் காலிபர்களைக் கட்டிலுக்கு அடியிலிருந்து இழுத்தேன். வார் எல்லாம் இற்றுப்போயிருந்தது. வெல்டர் இரண்டு நாள் உட்கார்ந்து உயரம் கூட்டிப் பற்றவைத்து, புது வார் போட்டுக் கொடுத்தான். கடைக்குள் டிரம்மைப் பிடித்துக்கொண்டு மூன்று மாதம் நின்று பழகினேன். தொடை இடுக்கில் தோல் உரிந்தது.

போட்டி அன்று தராசுக்காரர் இரும்பைக் கழற்றச் சொன்னார்.

"கழட்டினா நிக்க மாட்டேன். நிக்கணும்னு எழுதினது நீங்கதான். சேத்தே போடுங்க."

அமைப்பாளர் பயிற்சியாளரைப் பார்த்தார். பயிற்சியாளர் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இருக்கட்டும் சார், சேத்தே போடுங்க" என்றார். இரும்போடு ஐம்பத்திரண்டு வந்தது. இந்த முறை ஐம்பத்தைந்துக்குக் கீழே என் பெயரை எழுதியபோது யாரும் வாயைத் திறக்கவில்லை.

நின்று ஆடினேன். இரண்டு பேரைச் சாய்த்தேன். அரையிறுதியில் ஒல்லியான ஒரு பெயிண்டர் என்னைச் சாய்த்தார். சுவருக்குப் பட்டி தேய்த்துத் தேய்த்து இறுகிய கை. நடுவர் எங்கள் இருவருக்கும் ஒவ்வொரு ஃபவுல் கொடுத்தார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். எனக்கு மூன்றாவது இடம்.

மறு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெயிண்டரை டிரம்முக்குக் கூப்பிட்டேன். வந்தார். அன்று நான் ஜெயித்தேன். அதற்கு அடுத்த ஞாயிறு அவர் ஜெயித்தார். ஊருக்கு செல்ஃபோன் வந்து நான் பூத்தை மூடும்வரை அந்தக் கணக்கு தீரவில்லை. எடைக்கு எடை யார் என்று யாராவது கேட்டால், நான்தான் என்பேன். அவரைக் கேட்டால் அவரும் அதையேதான் சொல்வார். சொல்லட்டும். வரச் சொல்லுங்கள், கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம்.