ஷெரிஃப் வரப்போகிறார்

எட்டு வயதில் நான் ஒரு அமெரிக்க ஷெரிஃபின் வாழ்க்கையைக் கரைத்துக் குடித்திருந்தேன். எல்லாம் பள்ளி நூலகத்துப் படப்புத்தகத்தின் வேலை. அவர் பண்ணையில் பிறந்து, மாடு மேய்த்து, சனம் வாக்குப் போட்டு ஷெரிஃப் ஆனவர். நெஞ்சில் வெள்ளி நட்சத்திரம், இடுப்பில் துப்பாக்கி. முப்பது வருடத்தில் அவரிடமிருந்து ஒருவர்கூடத் தப்பவில்லையாம்.

அந்த வாரம்தான் நாங்கள் நாடு மாறி வந்து குடியிருந்த பெண்டில் ஹில் வீட்டுக்கு அப்பாவின் பெயரில் அரசாங்கக் கடிதம் வந்தது. ஆங்கிலக் கடிதங்களை வாசித்துச் சொல்வது நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் உண்டு. பாதிச் சொற்கள் விளங்கவில்லை. அதை ஒப்புக்கொள்ளும் பழக்கம் எனக்கு ஏது? ஷெரிஃப் என்ற சொல்லைக் கண்டதும் துள்ளினேன்.

“அப்பா, ஷெரிஃப் உங்களைக் கோர்ட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறார். வராட்டித் தண்டனை.”

“ஷெரிஃப் எண்டா ஆர்?”

விட்டேனா? பண்ணையிலிருந்து நட்சத்திரம் வரை முழுக் கதையையும் அளந்தேன். அப்பா ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

“வீட்டை வருவாரோ?”

“ஓம். முந்திக் குதிரையில. இப்ப காரில.”

அப்பா கடிதத்தை வாங்கி நாலாக மடித்தார். கடிதத்தை ஒருவருக்கும் காட்டக்கூடாது என்றார்.

இரண்டு நாள் அவர் வேலைக்குப் போகவில்லை. சாரம், சட்டை, பல் பிரஷ் எல்லாவற்றையும் சின்னப் பையொன்றில் போட்டுக் கதவடியில் வைத்தார். தெருவில் ஏதாவது கார் மெதுவாகப் போனால் திரைச்சீலைக்குப் பின்னால் மூச்சுக்காட்டாமல் நின்றார். அம்மா குசினிக்குள் சமைத்தபடியே அழுதார். எனக்கும் பயம் வந்தது. புத்தகத்தைக் கட்டிலுக்கடியில் தள்ளிவிட்டேன்.

இரண்டாம் நாள் பின்னேரம் வாசல் மணி அடித்தது. எனக்கு உயிரே போய்விட்டது.

“அப்பா இல்லையெண்டு சொல்லட்டோ?” என்று கிசுகிசுத்தேன்.

அப்பா என் தோளை வலிக்க வலிக்கப் பிடித்தார். “அப்பிடி மட்டும் சொல்லாதை. ஆர் கேட்டாலும் அப்பா உள்ளுக்கை நிக்கிறார் எண்டு சொல்லு.”

கதவைத் திறந்ததும், “அப்பா உள்ளுக்கை நிக்கிறார்!” என்று வீறிட்டு அழுதேன். வாசலில் பக்கத்து வீட்டு மதுரைக்கார அங்கிள், கையில் கறிவேப்பிலையோடு. மனுஷன் பயந்தே போனார். விஷயத்தைக் கேட்டு, கடிதத்தை வாங்கிப் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

“அட, இது ஜூரி டியூட்டிங்க! இந்த நாட்டுல அது ஷெரிஃப் ஆபீஸ்ல இருந்துதான் வரும். உங்களப் பிடிக்க யாரும் வரல. கோர்ட்ல உக்காந்து நீங்கதான் தீர்ப்புச் சொல்லணும்.”

எல்லோரும் சிரித்தோம், அப்பாவும்தான். அங்கிள் போனபிறகு அப்பா கதிரையில் உட்கார்ந்து, சுவரில் மாலையோடு தொங்கிய சித்தப்பாவின் படத்தைப் பார்த்து விம்மி விம்மி அழுதார். சந்தோஷத்தில் அழுகிறார் என்றுதான் நான் நினைத்தேன்.

வளர்ந்தபிறகு அம்மா சொன்னார். ஊரில் அப்பாவைத் தேடி ஆமிச் சிப்பாய்கள் வந்த அன்று, “அண்ணா வீட்டில இல்லை” என்று வாசலில் நின்று சொன்னவர் சித்தப்பா. அவர்கள் வெறுங்கையோடு திரும்ப விரும்பவில்லை. சித்தப்பாவை ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா அறைக்குள்தான் இருந்திருக்கிறார். அப்படிச் சொல்லச் சொன்னதும் அவர்தான்.