ரேணுகா இதய டாக்டர் ஆகாத கதை

கிளியனூர் வெங்கடாசலத்தின் மகள் ரேணுகா இதய டாக்டராகப் போகிறாள் என்பது, அவள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த அன்றே ஊருக்குள் முடிவாகிவிட்டது. மல்லாட்டைக் கொல்லையில் கடலைச் செடிகளுக்கு நடுவே களை எடுக்கும் பெண்களிடம்கூட வெங்கடாசலம் அதைச் சொல்லி வைத்திருந்தார். ரேணுகாவுக்கும் அந்த ஆசைதான்.

2005 ஏப்ரலில், படிப்பின் கடைசிக் கட்டமான பயிற்சி ஆண்டில், மரக்காணம் பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றுக்கு ஒரு மாதம் அனுப்பினார்கள். முப்பது நாள்தானே, ஓட்டிவிடலாம் என்று நினைத்துத்தான் வந்தாள்.

இரண்டாவது நாள் அருக்காணி வந்தாள். உப்பளத்தில் வேலை செய்பவள், நாற்பது வயது. சிறுநீர் போனால் எரிகிறது என்றாள். ரேணுகா ஐந்து நாளைக்கு மாத்திரை கொடுத்தாள். சரியானது. எட்டே நாளில் திரும்பவும் வந்து நின்றாள். மறுபடி மாத்திரை. அடுத்த வாரம் மூன்றாம் முறை.

"உன் மாத்திரைக்கும் எனக்கும் ராசியில்லம்மா" என்றாள் அருக்காணி.

"தண்ணி நிறைய குடிக்கச் சொன்னேனே, குடிக்கிறீங்களா?"

வரிசையில் நின்ற பெண்கள் மொத்தப் பேரும் சிரித்துவிட்டார்கள்.

"குடிச்சிட்டு எங்க போறதாம்? வந்து பாரு, தெரியும்."

மறுநாள் காலை ஆறு மணிக்கே ரேணுகா உப்பளத்துக்குப் போய்விட்டாள். வானம் முடிகிற இடம்வரை பாத்தி பாத்தியாக உப்பு. மறைவுக்கு ஒரு புதர்கூட இல்லை. ஆண்களும் பெண்களும் அடுத்தடுத்த வரப்பில் வேலை செய்தார்கள். விடியுமுன் வரும் பெண்கள் பதினோரு மணிக்கு வீடு திரும்பும்வரை, அந்த வெயிலில், வாயில் ஒரு மிடறு தண்ணீர் படாமல் பார்த்துக்கொண்டார்கள். ரேணுகா நிலையத்துக்குத் திரும்பி வந்து நோயாளிப் பதிவேட்டைப் புரட்டினாள். அந்த மாதத்தில் அதே அளத்திலிருந்து பதினொரு பெண்கள், அதே எரிச்சலோடு.

அளத்துக்காரர் சிவஞானத்தைத் தேடிப் போனாள். சண்டை வரும் என்று வழியெல்லாம் வாக்கியங்களை ஒத்திகை பார்த்துக்கொண்டே போனாள். ஆனால் மனிதர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இருவது வருஷமா அளம் நடத்துறேன். யாரும் எங்கிட்ட சொன்னதே இல்லீங்களே."

"உங்ககிட்ட வந்து எப்படிங்க சொல்லுவாங்க?"

அந்த வாரமே மேட்டில் குழி தோண்டி, கீற்று கட்டி, பெண்கள் ஒதுங்க இரண்டு மறைப்புகள் எழும்பின. மூன்றாம் நாள் கடற்காற்று ஒன்றைத் தூக்கிப் பாத்திக்குள் போட்டது. பெண்களே அதை இழுத்து வந்து, சிவஞானத்தின் மோட்டார் கொட்டகைக் கயிற்றை அவிழ்த்துக் கட்டினார்கள். அவரும் பார்த்தும் பாராததுபோல் போய்விட்டார்.

கடைசி வாரம் அருக்காணி மறுபடி வரிசையில் உட்கார்ந்திருந்தாள். அவள் முறை வந்ததும் ரேணுகாதான் முந்திக்கொண்டு கேட்டாள்.

"என்ன ஆச்சு? திரும்பவுமா?"

"ஒண்ணும் இல்லம்மா. நல்லா இருக்கேன்."

"அப்புறம் ஏன் ஒரு மணி நேரமா உக்காந்திருக்கீங்க?"

"நல்லா இருக்கேன்னு உங்கிட்ட சொல்ல வாணாமா?"

சென்னையில் அவள் படித்த பெரிய ஆஸ்பத்திரி வார்டில் குணமானவர்கள் வீட்டுக்குப் போனார்கள். அதற்குமேல் அவர்களைப் பற்றி ரேணுகாவுக்கு எதுவும் தெரிந்ததில்லை. குணமானதைச் சொல்ல ஒருத்தி வரிசையில் காத்திருந்தது இதுதான் முதல் தடவை. இப்படி ஒரு சுகாதார நிலையத்திலேயே வேலை பார்ப்பது என்று அன்றைக்கே அவள் மனதில் தீர்மானம் விழுந்துவிட்டது.

அப்பாவிடம் சொல்லத்தான் பயமாக இருந்தது.

"அப்போ இதயம்?" என்றார் வெங்கடாசலம்.

"அங்க வர்றவங்கள்ல பாதிப் பேருக்கு பிரஷர் இருக்குதுப்பா. இப்பவே பார்த்துக்கிட்டா அவங்க இதய டாக்டர்கிட்டப் போகவே வேணாம்."

இரண்டு நாள் கொல்லையே கதியென்று கிடந்தார். மூன்றாம் நாள், தன் கையை நீட்டி, "எனக்கு பாரு" என்றார். பிரஷர் நூற்று அறுபது இருந்தது. அதோடு அவர் வாதாடுவதை விட்டுவிட்டார்.

2006இல் அதே கடற்கரையில் வேறொரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரேணுகா வேலைக்குச் சேர்ந்தாள். முதல் நாளே எழுபது பேர். மூன்று மணிக்கு மேல்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். அன்று எரிச்சல் என்று வந்த ஒரு பெண்ணிடம், மாத்திரை எழுதுவதற்கு முன்னால் கேட்டாள்:

"நீங்க எங்க வேலை செய்றீங்கம்மா?"