வலது மணிக்கட்டில் ஒரு நூல்

பேஸ்போல் ஆட்டத்தில் பந்து எறிகிறவரின் கையில் எதுவும் இருக்கக் கூடாது. மோதிரம் கூடாது, பிளாஸ்டர் கூடாது, ஒரு நூல்கூடக் கூடாது. அப்படி ஒரு சட்டம் இருக்கிறது. ஒரு பேஸ்போல் அணிக்கு ஆறு வருடமாகத் தலைவராக இருந்த எனக்கு அது தெரியாது. தெரியாது என்று சொல்ல எனக்கு வெட்கமில்லை. தெரியாத விஷயங்களை வைத்துக்கொண்டே மொன்றியலில் ஒரு தொழிற்சாலை கட்டியவன் நான்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டது. இந்த ஊருக்கு வந்த முதல் மூன்று வருடம் ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவினேன். இன்று சென்ட் லோரன்டில் காட்போட் பெட்டி செய்கிறேன். இந்தத் தீவில் நீங்கள் எப்போதாவது பீட்சா வாங்கியிருந்தால் என் பெட்டியைத் தொட்டிருப்பீர்கள். அதை நான் எங்கே போனாலும் சொல்வேன். பீட்சாக் கடையிலும் சொல்வேன்.

அணி என் தொழிலாளர்களுடையது. கோடையில் ஞாயிற்றுக்கிழமைகளில் கம்பனிகளுக்கிடையே நடக்கும் போட்டிகளில் விளையாடுவார்கள். சட்டை, தொப்பி, மட்டை எல்லாம் என் செலவு. பெடியனாக இருக்கும்போது நான் ஊரில் எல்லே, அதாவது தடியால் பந்தடித்து ஓடும் ஆட்டம், விளையாடியவன். பேஸ்போல் என்பது கையுறை போட்ட எல்லே, அவ்வளவுதான் என்று எல்லோருக்கும் சொல்லி வந்தேன். பயிற்சி கொடுப்பது என் மகள். இங்கேயே பிறந்தவள். அவளுக்கு இந்த ஆட்டம் தண்ணீர் பட்ட பாடு. எனக்குப் பிரெஞ்சு மொழிபெயர்க்கிறவளும் அவள்தான். என் பிரெஞ்சு தொழிற்சாலைப் பிரெஞ்சு: தூக்கு, இறக்கு, கவனம், நாளைக்கு வா.

அந்த வருடம் வசந்தத்தில் காகிதச் சுருள் கொண்டுவரும் லொறிக்குப் புதிய சாரதி ஒருவர் வந்தார். உயரமானவர், நாற்பதுக்குக் கிட்ட வயது. இறக்கும் மேடையில் அவரைப் பார்த்த என் மகள் கையிலிருந்த கோப்பியைக் கீழே வைத்துவிட்டு என் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

“அப்பா, அது ஆரெண்டு தெரியுமோ?”

“சாரதி.”

“ஐயோ அப்பா! என்ரை அறைச் சுவரிலை நாலு வருஷம் படம் ஒட்டி வைச்சிருந்தன். அந்த ஆள்!”

எனக்குப் படம் ஞாபகம் வந்தது. ஒரு கால் வானத்தில், கை முதுகுக்குப் பின்னால், முகத்தில் ஒரு கோபம். கியூபெக்கில் ஒரு சின்ன ஊரிலிருந்து அமெரிக்காவுக்குப் போய்ப் பெரிய அணியில் பந்து எறிந்தவர். பின்பு முழங்கையில் இரண்டு ஒப்பரேஷன், தோளில் ஒன்று, அதற்குப் பிறகு விரல், தொடை. காயம் அவருக்குச் சொந்தக்காரன் மாதிரி, எந்த அணிக்கு மாறினாலும் விலாசம் விசாரித்து வந்துவிடும். அப்படிப்பட்ட ஒருவர் என் மேடையில் நின்று சுருள் இறக்கியதற்கு என்னிடம் கையெழுத்துக் கேட்டார், நான் அவரிடம் கேட்கவில்லை. அன்று முழுவதும் எனக்கு வேலை ஓடவில்லை.

மகள் அவரிடம் எங்கள் அணியைப் பற்றிச் சொன்னாள். சிரித்துத் தலையாட்டிவிட்டுப் போனார். மூன்று கிழமை கழித்து அவராகவே வந்து கேட்டார். இந்த மாகாணத்தில் சம்பளத்துக்கு விளையாடும் ஒரு சின்ன அணி இருக்கிறது. மறுபடி எறிகிறேன் என்று அவர்களிடம் சொல்லியிருக்கிறார். உண்மையான ஆட்டத்தில் எறிந்து காட்டு, ஆள் அனுப்பிப் பார்க்கிறோம், ஒரு முறைதான் பார்ப்போம் என்று சொல்லியிருக்கிறார்கள். அந்த ஒரு ஆட்டத்துக்கு அவருக்கு ஓர் அணி வேண்டும். பிடித்திருந்தால் மிச்சக் கோடைக்கு அவரை எடுத்துக்கொள்வார்கள். பிடிக்காவிட்டால் லொறிதான்.

எங்கள் ஆட்கள் இப்படிப்பட்ட விஷயத்தைச் சும்மா செய்ய மாட்டார்கள். ராகுகாலம் பார்த்து நேரம் வைத்தேன். சாப்பாட்டு அறையில் மேசைக்கு வெள்ளைத் துணி விரித்து, வடை வைத்து, படம் பிடிக்க ஆள் வைத்து ஒப்பந்தத்தில் கையெழுத்து வாங்கினேன். யாரும் கேட்காத ஒப்பந்தம், மகள் கணினியில் அடித்தது. பொன்னாடை போர்த்தினேன். அவர் அதைக் கழுத்தில் சால்வை போலச் சுற்றிக்கொண்டு வடை தின்றார். அடுத்த வெள்ளிக்கிழமை கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஐயர் அவர் பெயருக்கு அருச்சனை செய்து, மந்திரித்த சிவப்பு நூலை ஆண்களுக்குக் கட்டுகிற மாதிரி வலது மணிக்கட்டில் கட்டினார். எறிகிற கையும் அதுதான் என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

“தானா அறுந்து விழும் வரைக்கும் கழட்டக் கூடாது எண்டு சொல்லு,” என்றேன் மகளிடம். “என்ரை முழங்கால் நடக்கேலாமல் கிடந்து, உப்பிடி ஒரு நூல் கட்டின பிறகுதான் சரிவந்தது எண்டும் சொல்லு.”

“ஒப்பரேஷனைச் சொல்லட்டோ அப்பா?”

“நூல் கட்டினபடியால்தான் ஒப்பரேஷன் சரிவந்தது. நீ சொன்னதைச் சொல்லு.”

அவள் சொன்னாள். அவர் மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு “மெர்சி, மிஸ்யூ” என்றார்.

எங்களோடு வந்திருந்தவர் என் களஞ்சியப் பொறுப்பாளர். மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கர், இருபது வருடமாக என்னோடு இருப்பவர், என்னைப் பகிடி பண்ண அவருக்கு மட்டும் அனுமதி. “அண்ணை, அப்பிடியே எங்கட சேர்ச்சுக்கும் ஒருக்கா கூட்டிக்கொண்டு போவம். ஒரு கைக்கு ரெண்டு காவல்,” என்றார்.

ஆட்டத்தன்று நல்ல வெயில். எங்கள் பக்கம் முழுவதும் பெண்டு பிள்ளைகளோடு வந்திருந்தார்கள். கொத்துரொட்டி வாசம் மைதானத்தின் மற்றக் கரைவரை போனது. பார்க்க வந்த மனிதர் தனியாக, வேலிக்குப் பின்னால் மடிப்புக் கதிரையில் இருந்தார். பந்தின் வேகத்தை அளக்கும் கருவி மடியில் இருந்தது.

எங்கள் ஆள் பந்து எறிகிற மண்மேட்டுக்குப் போய்ச் சட்டைக் கையை மேலே இழுத்துவிட்டார். முதல் பந்து எறிவதற்கு முன்பே எதிரணியின் பொறுப்பாளர், வெள்ளை மீசைக்காரர் ஒருவர், வெளியே வந்து அம்பயரிடம் மணிக்கட்டைக் காட்டினார். அம்பயர் மேட்டுக்குப் போனார். இரண்டு பேரும் ஏதோ கதைத்தார்கள். எங்கள் ஆள் தலையை ஆட்டினார். அம்பயர் மறுபடி சொன்னார். மறுபடி தலையாட்டல். மகள் ஓடிப்போய்க் கேட்டுவிட்டு ஓடி வந்தாள்.

“அப்பா, பந்து எறியிற ஆளின்ரை கையிலை ஒண்டும் இருக்கக் கூடாதாம். நான் அதை யோசிக்கவேயில்லை. பயிற்சியிலை எப்பவும் நீட்டுக் கைச் சட்டைதானே போட்டுக்கொண்டு வாறவர். இப்ப கழட்டச் சொன்னால் மாட்டாராம்.”

“ஏனாம்?”

“தானா அறுந்து விழவேணும் எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்! ஐஞ்சு நிமிஷத்திலை கழட்டாட்டி அம்பயர் வெளியிலை அனுப்பிப் போடுவாராம்.”

“அண்ணை,” என்றார் களஞ்சியப் பொறுப்பாளர், “இந்த நாட்டிலை நீங்கள் சொன்னதை ஒரு மனுசன் கேட்டிருக்கிறான். ஒரு விழா எடுங்கோ.”

எனக்குச் சிரிப்பு வரவில்லை. வேலிக்குப் பின்னாலிருந்த மனிதர் மணிக்கூட்டைப் பார்த்தார். ஒரு முறைதான் பார்ப்போம் என்று சொன்னவர்கள். என் வாயால் ஒருவருடைய கடைசிச் சந்தர்ப்பம் போகப்போகிறது. நான் எழும்பி மைதானத்துக்குள் நடந்தேன். அம்பயர் தடுக்கவில்லை. மகள் பின்னால் வந்தாள்.

வாழ்நாளில் நான் சொன்ன ஒன்றை ஊரறியத் திருப்பி எடுத்ததில்லை. அன்று எடுத்தேன்.

“சொல்லு பிள்ளை. முழங்கால் கதை பொய். டொக்டர்மார் வெட்டித்தான் சுகம் வந்தது. நூலுக்கும் அதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. கழட்டட்டும்.”

மகள் சொன்னாள். அவர் என் முழங்காலைப் பார்த்தார், பிறகு நிலத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாக நிறையச் சொன்னார். மகளின் முகம் மாறிக்கொண்டே போனது.

“என்னவாம்?”

“அவருக்கு அது முதலே தெரியுமாம், அப்பா. நீங்கள் அரைக் காற்சட்டையோடை சாமான் இறக்கேக்கை தழும்பைப் பாத்தவராம். கத்தி வைச்ச தழும்பு அவருக்குத் தெரியாதோ எண்டு கேக்கிறார்.”

“அப்ப என்னத்துக்கு மாட்டன் எண்டவர்?”

அவள் குரலைத் தாழ்த்திச் சொன்னாள். “அந்தச் சட்டம் அவருக்கு எப்பவோ தெரியுமாம். கோயில்லை கையை நீட்டேக்கையே தெரியுமாம். அம்பயர் வெளியிலை விட்டால், சட்டம்தான் நிப்பாட்டினது, கை நிப்பாட்டேல்லை எண்டு சொல்லலாமாம். கை இனிச் சரிவராது எண்டு ஒருத்தருக்கும் தெரியவராதாம். தனக்கும் தெரியவராதாம்.”

இத்தனை வருடம் இப்படி மேட்டில் நின்று எறிந்த மனிதருக்கு அந்தச் சட்டம் தெரியாமல் இருக்குமா என்று நான் ஒரு கணம்கூட யோசிக்கவில்லை. ஐயர் மந்திரம் சொல்லும்போது கண்ணை மூடி நின்றாரே, பக்தி என்று நினைத்தேன். நான் ஏமாற்றினேன் என்று நினைத்த ஆள் என்னை வைத்தே தனக்குத் தப்பிப் போக ஒரு வாசல் கட்டி வைத்திருந்தார். எத்தனை பேரை நேர்முகம் கண்டு வேலைக்கு எடுத்தவன் நான், ஆளைப் பார்த்தே சொல்வேன் என்று மார்தட்டுகிறவன். எனக்கு ஒன்றும் தெரிந்திருக்கவில்லை.

அம்பயர் விரலைக் காட்டினார், இன்னும் ஒரு நிமிடம்.

பயப்படாதே என்று சொல்ல வாய் வரவில்லை, ஏனென்றால் அவர் பயப்பட்டதில் ஒரு பிழையும் இல்லை. இடுப்பில் எப்போதும் பெட்டி வெட்டும் கத்தி வைத்திருப்பேன், கல்யாண வீட்டுக்குப் போனாலும் வைத்திருப்பேன். அதை எடுத்துத் தகட்டை வெளியே தள்ளினேன். அம்பயர் இரண்டு அடி பின்னால் போனார்.

“நான் வெட்டுறன்,” என்றேன். “என்ன வந்தாலும் பழி எனக்கு. கட்டுவிச்சவனும் நான், வெட்டினவனும் நான்.”

மகள் மொழிபெயர்க்கவில்லை. மறந்துவிட்டாள். ஆனால் அவர் கத்தியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கை அப்படியே கீழே தொங்கியது. அவர் மாட்டேன் என்று நின்றிருந்தால் நான் கத்தியை மடித்துக்கொண்டு போயிருப்பேன், சத்தியமாக. அவர் வலது கையைத் தூக்கி, உள்ளங்கை மேலே பார்க்க, என் முன்னால் நீட்டினார். நூலை வெட்டி என் சட்டைப் பையில் போட்டேன்.

எறியத் தொடங்கினார். முதல் மூன்று பந்துக்கும் மட்டைக்காரன் அசையவேயில்லை, மூன்றோடு ஆள் அவுட். எங்கள் பக்கம் எழும்பிக் கத்தியது. நான் எல்லோரையும் விடப் பெரிதாகக் கத்தினேன். இரண்டாவது ஆள் அடித்தான். மூன்றாவது ஆளும் அடித்தான். படத்தில் பார்த்த அதே கால், அதே முகம், ஆனால் பந்து வரும்போது மட்டைக்காரனுக்கு யோசிக்க நேரம் இருந்தது. அது எல்லே விளையாடினவனுக்கே தெரிந்தது. வேலிக்குப் பின்னாலிருந்த மனிதர் கருவியைப் பார்த்தார், எழுதினார், மறுபடி பார்த்தார். இரண்டாவது இன்னிங்ஸ் முடிவதற்கு முன்பே கதிரையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். போகிற வழியில் எங்களைப் பார்த்து மரியாதையாகத் தொப்பியைத் தொட்டார். அந்த மரியாதையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மேட்டில் நின்றவரும் பார்த்தார். கார் வாசலைக் கடந்து போகும் வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றார்.

“அப்பா, எறிஞ்சது காணும். நீங்களே போய்ச் சொல்லுங்கோ,” என்றாள் மகள். அவள் கண் கலங்கியிருந்தது. “இனி என்னத்துக்குக் கையை முறிக்கிறார்?”

மறுபடி நடந்தேன், அவளும் பின்னால் வந்தாள். ஒருவரை வேலையிலிருந்து நிறுத்துவது எப்படி என்று எனக்குத் தெரியும். தோளில் கை போட வேண்டும், சுருக்கமாகச் சொல்ல வேண்டும். அவர் முன்னால் நின்று பந்துக்காகக் கையை நீட்டினேன்.

“நோன், மிஸ்யூ,” என்றார்.

வலது முழங்கையை மடித்தார், நீட்டினார், மறுபடி மடித்தார். அதையே பார்த்துக்கொண்டு ஏதோ சொன்னார். நான் மகளைத் திரும்பிப் பார்த்தேன்.

“நோகேல்லையாம்,” என்றாள். “ஒன்பது வருஷத்துக்குப் பிறகு முதல்தரம் நோகேல்லையாம். அடிக்கட்டும், அடிச்சால் அடிக்கட்டும், நோகேல்லை எண்டுறார்.”

என்னைவிட அவர்தான் அதிகம் திகைத்துப்போய் நின்றார். வேகமில்லாத, வலியில்லாத ஒரு கை. அதை யாரோ புதிதாகப் பூட்டிவிட்டது போலப் பார்த்துக்கொண்டு நின்றார். நீட்டிய கையை மடக்கிக்கொண்டு நான் திரும்பி நடந்தேன். எனக்குப் பின்னால் அம்பயர் ஆட்டத்தைத் தொடங்கச் சொல்லிக் கத்தினார். நான் கோட்டைத் தாண்டுவதற்குள் மட்டையில் பந்து படும் சத்தம் கேட்டது, நல்ல அடி.

“என்ன அண்ணை,” என்றார் களஞ்சியப் பொறுப்பாளர், “தலைவர் போய்ச் சொல்லியும் கேக்கேல்லையோ?”

“நான் ஒண்டும் சொல்லேல்லை,” என்றேன். “தள்ளி இரும். இண்டைக்கு முடியும் வரைக்கும் அந்தாள்தான் எறியும்.”