தமிழ்ப் படிவம் வரும்வரை கையெழுத்தில்லை

ஞாயிற்றுக்கிழமை காலை, பாண்டிருப்பில் எங்கள் வீட்டுக் கிணற்றடியில் உடுப்புத் தோய்த்துக்கொண்டிருந்தபோது தொலைபேசி அடித்தது. பேசியவர் அலுவலக உதவியாளர் றபீக். "மிஸ், நம்மட இஸ்ஹாக் சேர் விடிய சுபஹுத் தொழுகைக்குப் பிறகு மௌத்தாகிட்டார். பின்னேரம் அஸரோட அடக்கம்," என்றார். அழுகை வரும் என்று நின்றேன். வந்தது சிரிப்பு. சவர்க்கார நுரையோடு நின்று சிரிக்கிறவளைப் பார்த்து என் கணவர் பயந்துபோனார். என்ன செய்வது, எனக்கு முதலில் நினைவு வந்தது சேர் வென்ற நாள். அவரை அறிந்த உங்களுக்கும் அதைத்தான் சொல்லப்போகிறேன். அழுகை பிறகு வந்தது. அது என் சொந்த விஷயம்.

சேர் எங்கள் அரச அலுவலகத்தின் மொழிபெயர்ப்பாளர், சாய்ந்தமருதுக்காரர். நான் தமிழ்த் தட்டச்சாளர். பல வருடங்கள் பக்கத்து மேசைகளில் இருந்து வேலை செய்தோம். அவருடைய சிங்களத்தைக் கேட்கும் வெளியூர் அதிகாரிகள், "உங்கள் ஊர் குருநாகல் பக்கமா?" என்று விசாரிப்பார்கள். சட்டத்தில் தமிழும் அரச கரும மொழிதான். ஆனால் சட்டம் கொழும்பிலேயே தங்கிவிட, எங்களிடம் வந்து சேர்ந்ததெல்லாம் சிங்களப் படிவங்கள். ஒரு நாட்டுக்கு ஒரு மொழியா இரண்டு மொழியா என்று தேநீர் வேளையில் நாங்கள் தொண்டை கிழியக் கத்துவோம். சேர் பிளேன்டீயை ஊதிக் குடித்துவிட்டுச் சொல்வார்: "நாட்டுக்கு எத்தின பாஷ எண்டு நாடு யோசிக்கட்டும். கையெழுத்துப் போடுறவனுக்கு விளங்கிச்சா எண்டுதான் நான் பாக்கிறன்."

சுனாமியில் கடல் வந்து போன பிறகு, பாடசாலை முகாமுக்குப் புது வீட்டுப் படிவங்கள் கட்டுக்கட்டாக வந்தன. எல்லாம் சிங்களம். சேரின் வீடும் போயிருந்தது; அவரும் குடும்பத்தோடு அதே முகாமில் ஒரு வகுப்பறையில் இருந்தார். விடிந்ததும் பிள்ளைகள் இருந்து படிக்கும் ஒரு வாங்கின் மேல் ஏறி நின்று ஒவ்வொரு கேள்வியையும் தமிழில் வாசிப்பார். சனம் சொல்லும் பதிலை நாங்கள் எழுதுவோம். தொண்டை கட்டினால் தேசிக்காய்த் தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி ஏறுவார். சனம் அவரைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. மேலிடத்துக்கும் அது வசதியாகப் போயிற்று. தமிழ்ப் படிவம் கேட்டு அவர் எழுதிய கடிதத்துக்கு, உங்களிடம்தான் திறமையான மொழிபெயர்ப்பாளர் இருக்கிறாரே என்று பதில் வந்தது. அதைப் பாராட்டு என்று நினைத்து நான் சந்தோஷப்பட்டேன். அவர் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு மறுபடி வாங்கில் ஏறினார்.

யானைக்கும் அடி சறுக்கும். படிவத்தின் முதற்பக்கம் குடும்பத் தலைவரின் பெயரைக் கேட்டது. பெண்கள் கணவன் பெயரைச் சொன்னார்கள். கணவனைக் கடல் கொண்டுபோன கதீஜா, தன் மூத்த சகோதரன் பெயரைச் சொன்னாள். கடைசிப் பக்கத்தின் அடியில், வீட்டு உறுதிப் பத்திரம் அந்தத் தலைவர் பெயரிலேயே எழுதப்படும் என்று ஒரு வரி இருந்தது. களைப்பிலும் அவசரத்திலும் சேர் அந்த ஒரு வரியை வாசிக்காமல் விட்டார். வாசித்திருந்தால் முகாமே எழும்பியிருக்கும். எங்கள் கிழக்குக் கரையில், தமிழரென்றாலும் முஸ்லிம்களென்றாலும், வீடு பெண்ணுடையது. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவார். வீடு வேறு யாருடைய பெயரிலும் எழுதப்படலாம் என்று எங்களில் ஒருவருக்குமே தோன்றவில்லை. கதீஜாவுக்கு இரண்டு பெண் பிள்ளைகள். கடலோடு போனது உம்மா அவளுக்குக் கொடுத்த வீடு. வரப்போவது சகோதரன் பேரில் ஒரு வீடு.

உறுதிப் பட்டியல் வந்த அன்றுதான் சேர் அதைக் கண்டார். நேரே முகாமுக்கு நடந்தார். நானும் கூடப் போனேன். கதீஜாவுக்கு முன்னால் நின்று, சுற்றி வளைக்காமல், "புள்ள, வாசிச்சது நான். ஒரு வரிய உட்டுட்டன். பிழை என்ட," என்றார். அரச உத்தியோகத்தர் ஒருவர் அப்படிச் சொன்னதை நான் அதற்கு முன் கேட்டதில்லை. கதீஜா ஏசவில்லை. "நீங்க வாசிச்சீங்க எண்டுதானே சேர் நான் கண்ண மூடிக் கையெழுத்து வெச்சன்," என்றாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

பட்டியலில் பெயரை மாற்றத் திருத்தப் படிவம் வந்தது. அதுவும் சிங்களம். வெள்ளிக்கிழமைக்குள் கொடுக்காவிட்டால் பட்டியல் பட்டியல்தான். வாசிக்கச் சொல்லிச் சனம் சேரைச் சூழ்ந்தது. அவர் வாங்கில் ஏறவில்லை. "இனி வாயால வாசிக்க மாட்டன். வாயால சொன்னது காத்தோட போயிரும், நான் பிழை உட்டாப் புடிக்க ஆளில்ல. தமிழ்ல எழுதி, சீல் குத்தி, ஒங்கட கையில தரணும். அதுவரைக்கும் ஒருத்தரும் கையெழுத்து வெக்காதீங்க."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. "சேர், வெள்ளி தவறினா வீடு போயிரும். உங்கட ரோசத்துக்குக் கதீஜாட பிள்ளையள் தெருவில நிக்கிறதா?" என்று கேட்டுவிட்டேன்.

"நான் வாசிச்சதாலதான் மிஸ் அந்தப் புள்ளைகள் தெருவில நிக்கிதுகள்," என்றார். பிறகு தன் கையெழுத்தில் இருந்த தமிழாக்கத்தை என் மேசையில் வைத்தார். "இத அடிச்சுத் தாங்க."

கணினிகள் கடல்நீர் குடித்துச் செத்துப்போயிருந்தன. மேல்மாடியில் தப்பியிருந்த பழைய தட்டச்சு இயந்திரத்தில் ஸ்டென்சில் வெட்டி, ரோனியோவில் பிரதி எடுத்தோம். வரிக்கு வரி ஒப்பிட்டு மூன்று தடவை திரும்ப அடிக்க வைத்தார் மனிதர். எல்லாம் முடிந்து கொண்டுபோனால், தமிழ்ப் பிரதியில் முத்திரை குத்தத் தனக்கு உத்தரவில்லை என்று எங்கள் மேலதிகாரி கையை விரித்துவிட்டார்.

வியாழக்கிழமை காலை முகாமிலிருந்து பெண்கள் வந்தார்கள். முக்காட்டைச் சரிசெய்துகொண்டு அலுவலக மண்டபத்துச் சீமெந்துத் தரையில் வரிசையாக உட்கார்ந்தார்கள். ஒவ்வொருவர் கையிலும் கையெழுத்திடாத சிங்களப் படிவம் ஒன்று, முத்திரையில்லாத தமிழ்ப் படிவம் ஒன்று. கோஷமில்லை, கூச்சலில்லை. மேலதிகாரி வெளியே வந்து, நாளையோடு தவணை முடிகிறது, கையெழுத்துப் போடுங்கள், விளங்காததை இஸ்ஹாக் சொல்லுவார் என்றார். கதீஜா எழும்பி நின்றாள்.

"இஸ்ஹாக் சேர் மனிசன். களைச்சா ஒரு வரிய உடுவார். கடுதாசி உடாது. எங்கட வீட்ட நாங்களே வாசிக்கத் தாங்க சேர்."

சேரின் பிழையைச் சபை நடுவில் சொல்லியே அவருக்காக வாதாடிவிட்டாள். நான் சேரைப் பார்த்தேன். மனிதருக்கு முகமெல்லாம் பூரிப்பு.

மேலதிகாரி உள்ளே போய் மேலிடத்தோடு தொலைபேசியில் பேசினார். என்ன கதைத்தார்களோ தெரியாது. நண்பகல் லுஹர் பாங்கு சொல்லும் நேரத்தில், முத்திரையையும் மைப்பெட்டியையும் தானே தூக்கிக்கொண்டு வந்தார். ஒவ்வொரு தமிழ்ப் பிரதியிலும் குத்தினார். கதீஜா முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை சத்தமாக வாசித்தாள். முன்பு சகோதரன் பெயரைச் சொன்ன இடத்தில் தன் பெயரை எழுதினாள். சாட்சிக்கு வந்த சகோதரன், "நான் எப்ப புள்ள ஒண்ட வீட்டக் கேட்டன்?" என்று புறுபுறுத்துக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நான் தட்டச்சு மேசையில் குப்புறப் படுத்து அழுதேன். அப்படி ஒரு சந்தோஷம் என் கலியாணத்தன்றுகூட எனக்கு இல்லை. அதற்குப் பிறகு எங்கள் அலுவலகத்துக்கு வந்த வீட்டுப் படிவங்களெல்லாம் தமிழிலும் வந்தன.

யுத்தம் முடிந்த கையோடு, இனி ஒரே நாடு, ஒரே மொழி போதும் என்ற பேச்சுப் பலமாகக் கேட்டது. வானொலியில் கேட்கக் கேட்க எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அந்த நாட்களில் ஒரு சிங்களத் தாய் எங்கள் அலுவலகத்துக்கு வந்தா. எங்கள் கரையில் படைக் கடமையில் இருந்து இறந்துபோன மகனின் மரணப் பத்திரம் ஒன்று அவவுக்குத் தேவை. அன்றைக்கு அலுமாரியில் தமிழ்ப் படிவம் மட்டும்தான் இருந்தது. அவ அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. "நாங்க பட்டது இப்ப விளங்கட்டும்," என்று நான் சத்தமாகவே சொன்னேன். சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். "அவட்டயும் கையெழுத்துத்தானே மிஸ் கேக்கிறம்," என்றார். முழுப் படிவத்தையும் சிங்களத்தில் எழுதி, முத்திரை குத்தி வாங்கிக் கொடுத்தார். அவ விரலை வைத்து வரிவரியாக வாசித்துவிட்டுக் கையெழுத்திட்டா. எனக்கு வெட்கமாக இருந்தது. ஒரு மொழி போதும் என்கிறவர்களுக்கும் எனக்கும் சேரிடம் ஒரே பதில்தான் இருந்தது.

சேர் மௌத்தாகி ஏழாம் நாள் அவருடைய வீட்டுக்குப் போனேன். கதீஜா அங்கே பிளேன்டீ பரிமாறிக்கொண்டிருந்தாள். மூத்த மகளுக்குக் கலியாணம் முடிந்து, வீட்டை அவள் பேருக்கே எழுதிவிட்டாளாம். அந்த நேரம் எங்கள் அலுவலகத்து எழுதுவினைஞர் ஒருவர், விதவை ஓய்வூதியப் படிவத்தோடு வந்தார். சேரின் மனைவி, விதவைகளுக்குரிய இத்தாக் காலத்தில் திரைக்கு உள்ளே இருந்தா. படிவம் உள்ளே போனது. கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தது.

"சிங்களத்துல இரிக்கி மகன்," என்று திரைக்குப் பின்னாலிருந்து குரல் கேட்டது.

"அவசரம் ராத்தா. கையெழுத்த மட்டும் வெச்சா, மிச்சத்த நாங்க பாப்பம்."

"எனக்கு அவசரமில்ல. தமிழ்ல ஒண்டு செஞ்சு கொண்டு வாங்க. நாலு மாசம் பத்து நாளும் நான் இங்கதான் இருப்பன்."

மரண வீடு என்பதை மறந்து பெண்களெல்லாம் சிரித்துவிட்டோம். அடுத்த கிழமை தமிழ்ப் படிவம் வந்தது.

சேரிடமிருந்து நான் வைத்துக்கொண்டிருப்பது இதுதான்: யார் அவசரப்படுத்தினாலும், கடைசி வரியை வாசிக்கும்வரை நான் பேனாவைத் திறப்பதில்லை, எனக்கு முன்னால் இருக்கிறவரையும் திறக்க விடுவதில்லை.