பொம்பளைகளுக்கு மட்டும் ஒரு பள்ளி

குண்டசாலையில் தினமும் காலையில் மதிலுக்கு மேலாக எட்டிப் பார்த்து, நாற்பத்தெட்டு வயதுப் பெண்மணி ஒருவரை நான் "தாத்தா" என்று கூப்பிடுகிறேன். கண்டி முஸ்லிம்கள் அக்காவை அப்படித்தான் அழைப்பார்கள். சென்னையிலிருந்து கல்யாணமாகி வந்த எனக்கு முதல் வாரம் சிரிப்பை அடக்க முடியவில்லை. இந்த ஒன்பது வருடங்களில் வாய் பழகிவிட்டது. அடுத்த வீட்டு ஃபரீதா தாத்தாவின் கணவர் ரஷீத் நானா (அண்ணனுக்கு இங்கே நானா), கண்டி டவுனில் பாத்திரக் கடை வைத்திருக்கிறார். போனில் நான் "தாத்தா வட்டிலப்பம் குடுத்தாங்க, தாத்தா பிளவுஸ் தைச்சுத் தந்தாங்க" என்று சொல்வதையெல்லாம் கேட்ட என் அம்மா, பக்கத்து வீட்டில் கைவேலை தெரிந்த கிழவர் ஒருவர் இருப்பதாக நினைத்துக்கொண்டிருந்தாள். நானும் திருத்தவில்லை. ஒருமுறைகூட இங்கே எட்டிப் பார்க்காதவளுக்கு எதற்கு விளக்கம் என்ற கோபம்தான். வராததற்கு முழங்கால் வலி என்பாள். உண்மைக் காரணம், மருமகன் சிவா பன்விலத் தேயிலைத் தோட்டத்துத் தொழிலாளர் லயத்தில் பிறந்தவர் என்பது.

இந்த ஊரில் யாரும் நியமிக்காத பதவி ஒன்று எனக்கு உண்டு. பஸ் ஹோல்ட் எனப்படும் நிறுத்தத்தில் நின்றால் போதும், "நீங்க இந்தியா தானே?" என்று யாராவது ஆரம்பித்துவிடுவார்கள். எந்தக் கோயிலில் கூட்டம் குறைவு, எந்தக் கடையில் சேலை மலிவு என்று கேட்பார்கள். கண்டியிலிருந்து சென்னைக்குச் சுற்றுலா போகிறவர்களின் பக்தியை நான் அறிவேன். மூன்று நாளில் பதினொரு கோயில், நாலாம் நாள் முழுக்கத் தி.நகர். திரும்பி வரும்போது கோயில்களெல்லாம் ஒன்றோடொன்று கலந்து போயிருக்கும். சேலை எடுத்தது எத்தனையாவது மாடி என்பது மட்டும் துல்லியமாக நினைவிருக்கும். இவர்களுக்கு நான் மனம் இரங்கி, ஊரையே கட்டியவள் மாதிரி ஆலோசனை வழங்குவேன்.

ஆனால் என் யோக்கியதை எனக்குத் தெரியும். திருவல்லிக்கேணியில் பிறந்து இருபத்தைந்து வருடம் வாழ்ந்தும் கலங்கரை விளக்கத்தில் நான் ஏறியதில்லை. பரங்கிமலை, விமான நிலையம் போகும் வழியில் கார் சன்னலில் தெரிந்த ஒரு மேடு. அருங்காட்சியகம் என்றால் பள்ளிச் சுற்றுலாவில் தண்ணீர்க் குழாயடியில் நின்ற வரிசைதான் ஞாபகம். தெருக்கோடிப் பெருமாளைத் தேர்வுக் காலத்தில் மட்டும் கண்டுகொள்வேன். பெரிய மசூதி, ஆட்டோக்காரரிடம் சொல்லும் அடையாளம். மெரினாவிலோ கடலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து மிளகாய் பஜ்ஜி தின்றிருக்கிறேன். அங்கே படிக்க வந்த சிவாதான் மூன்றே வருடத்தில் எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர். அதனால் அவர் பக்கத்தில் இருக்கும்போது நான் சென்னைப் பெருமை பேசுவதில்லை.

ஒரு பிற்பகல் ஃபரீதா தாத்தா வந்து கதிரையில் உட்கார்ந்தார். "தங்கச்சி, நானும் நானாவும் மெட்ராஸுக்குப் போறோம். பத்து நாள் டூர். எங்கெங்க போறதெண்டு நீங்கதான் செல்லணும்" என்றார். சிவா வீட்டில் இல்லை. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"ஒங்கட வீட்டுக்குக் கிட்ட பெரிய பள்ளி ஒண்டு ஈக்கிதாமே?"

"ஒண்ணா? ரெண்டு இருக்கு தாத்தா. அதுல ஒண்ணு பொம்பளைகளுக்கு மட்டும்."

தாத்தாவின் கண்கள் விரிந்தன. "பொம்பளையளுக்கு மட்டுமா! மாஷா அல்லாஹ். உள்ளுக்குப் போக விடுவாங்களா?"

"நான் தினம் போனேனே! மத்தியானச் சாப்பாடுகூட உண்டு."

அவர் என்னைப் பார்த்த மரியாதையில் நான் குளிர்ந்துபோனேன். இங்கே படிக்கிற இடம் பாடசாலை, தொழுகிற இடம்தான் பள்ளி என்பது ஒன்பது வருடம் வாழ்ந்தவளுக்கு அந்த நேரம் பார்த்து மறந்துபோனது. தாத்தா போனதும் போனைத் திறந்து, நான் பார்க்காத ஊரைப் பற்றி நாலு பக்கத் திட்டம் எழுதினேன். முதல் நாள் பரங்கிமலைப் படிகள், இரண்டாம் நாள் கடற்கரை முழுக்க நடை. நானா எங்கள் ஒழுங்கையின் சின்ன ஏற்றத்திலேயே இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவதை மாதக்கணக்கில் பார்த்திருந்தும், எழுதும்போது என் கை ஒரு நொடி தயங்கவில்லை.

அவர்கள் போன மூன்றாம் நாள் தாத்தா வீடியோ அழைப்பில் வந்தார். பின்னால் கடல் இல்லை. வெள்ளைச் சுவரும் சக்கர நாற்காலி ஒன்றும் தெரிந்தன.

"எங்க தாத்தா இருக்கீங்க?"

"ஆஸ்பத்திரில. நாளைக்கு நானாவுக்கு பைபாஸ்." கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டார். "கம்பளைல ஈக்கிற மாமி, நானாட உம்மா, கேள்விப்பட்டா தாங்க மாட்டா. அதுதான் டூர் எண்டு செல்லி வந்த. மகனுக்கு கட்டார்ல லீவு இல்ல. இங்க எனக்கு ஒத்தரையும் தெரியா தங்கச்சி. ஒங்கட அந்தப் பொம்பளையள்ட பள்ளிக்குப் போய்க் கொஞ்சம் துஆ கேக்கணும். எப்படிப் போற?"

என் பள்ளிக்கூடத்தை அவர் மசூதி என்று நினைத்திருப்பது அப்போதுதான் உறைத்தது. அந்த நேரத்தில் அதை விளக்க வெட்கப்பட்டு, ஆஸ்பத்திரிப் பெயரை மட்டும் கேட்டுக்கொண்டு போனை வைத்தேன். அம்மாவை அழைத்து, "பக்கத்து வீட்டுத் தாத்தா அங்க வந்திருக்காங்கம்மா. ஆஸ்பத்திரில தனியா இருக்காங்க. போய்ப் பாரேன்" என்றேன்.

"வயசான காலத்துல பாவம், தனியாவா?" என்று உடனே கிளம்பியவள், ஒரு மணி நேரத்தில் திரும்ப அழைத்தாள்.

"இங்க தாத்தா யாரும் இல்லையேடி. ஒரு பாய் வீட்டம்மாதான் அழுதுட்டு உக்காந்திருக்கு."

"அவங்கதாம்மா தாத்தா."

"உனக்கு அந்த ஊருக்குப் போயும் புத்தி வரலடி" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டாள்.

மற்றதெல்லாம் பிறகு தாத்தா சொல்லித் தெரிந்தது. பொம்பளைகள் பள்ளிக்குப் போகணும் என்று அவர் கேட்க, அம்மா கேள்வி கேட்காமல் ஆட்டோ பிடித்து, நான் படித்த பெண்கள் பள்ளி வாசலில் கொண்டுபோய் இறக்கியிருக்கிறாள். தாத்தா செருப்பைக் கழற்றிவிட்டுப் பயபக்தியோடு படியேறினாராம். வாட்ச்மேன் மறித்து, "அட்மிஷன் முடிஞ்சுபோச்சும்மா" என்றிருக்கிறார். தாத்தாவுக்கு விஷயம் விளங்கச் சிறிது நேரம் பிடித்தது. விளங்கியதும் சிரிக்க ஆரம்பித்தவர், சிரித்தபடியே அந்தப் படியில் உட்கார்ந்து ஓவென்று அழுதிருக்கிறார். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து தோளைப் பிடித்துக்கொண்டாளாம். என் தோளை அவள் கடைசியாக எப்போது பிடித்தாள் என்று எனக்கு நினைவில்லை.

பிறகு இருவரும் பெரிய மசூதிக்குப் போயிருக்கிறார்கள். நாற்பது வருடம் அதே பேட்டையில் குடியிருந்தும் அம்மா அந்தக் கேட்டைத் தாண்டியது அன்றுதான். வெளி மைதானத்தில் மர நிழலில் உட்கார்ந்து தாத்தா கையேந்தினார். "நான் என்ன சொல்லணும்?" என்று அம்மா கேட்க, "அவர்ட பேரைச் செல்லுங்க, போதும்" என்றாராம். அம்மா கண்ணை மூடி, "ரஷீத், ரஷீத்" என்று சொல்லிக்கொண்டே இருந்திருக்கிறாள். மறுநாள் அறுவைச் சிகிச்சை முடியும்வரை அறை வாசலை விட்டு அவள் நகரவில்லை. நானா பிழைத்தார். என் நாலு பக்கத் திட்டத்திலிருந்த ஓர் இடத்தையும் பார்க்காமல், ஒரு மாதம் கழித்து இருவரும் ஊர் வந்து சேர்ந்தார்கள். நல்லவேளை, அந்தப் பரங்கிமலைப் படிகளில் நானா ஏறவில்லை.

மூன்று மாதத்தில் அம்மா கண்டிக்கு வந்தாள். நான் ஒன்பது வருடம் அழைத்தபோதெல்லாம் நொண்டிய முழங்கால், "ஃபரீதா கூப்பிட்டா, வரேன்" என்று ஒரே வாரத்தில் குணமாகிவிட்டது. வாசலில் பெட்டியை வாங்க ஓடிய சிவாவைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா மாப்ள?" என்றாள். அந்தச் சொல்லை அவர் எதிர்பார்க்கவில்லை. பெட்டியை எங்கே வைப்பதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தார். எனக்குச் சந்தோஷம்தான், என்றாலும் அதை வாங்கிக் கொடுத்தது நானில்லை என்பது உறுத்தாமலும் இல்லை.

அடுத்த நாள் அம்மாவுக்குப் புத்தரின் பல் இருக்கும் தலதா மாளிகையைக் காட்டப் போனோம். சிங்களத்தில் பேசிச் சமாளிக்கத் தாத்தாவும் வாசல்வரை வந்தார். உள்ளூர்க்காரர்களுக்கு ஒரு வரிசை, வெளிநாட்டவருக்கு ஒன்று, நடுவே கயிறு. அம்மா வெளிநாட்டவர் பக்கம் போய் நின்றாள். கயிற்றருகே நின்ற என்னைப் பார்த்துக் காவலர், "நோனா கொஹெந்த?" என்றார். எந்த ஊர் என்று கேட்கிறார். அது எனக்கு நன்றாகவே விளங்கும். நான் பையைத் திறந்தேன். உள்ளே இந்தியப் பாஸ்போர்ட் இருந்தது. குண்டசாலைக்குத் திரும்ப பஸ் காசும் பையின் அதே உள்ளறையில்தான் இருந்தது.

"அபே கெனெக்" என்றார் தாத்தா. நம்மவள் என்று பொருள். கயிற்றுக்கு அந்தப் பக்கமிருந்து அம்மா, "அவ எங்க வீட்டுப் பொண்ணுங்க, இப்படி அனுப்புங்க" என்று தமிழில் கத்தினாள். காவலர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டுச் சிரித்தபடி கயிற்றைத் தூக்கிப் பிடித்தார். நான் எந்தப் பக்கமும் போகாமல் அதன் கீழே குனிந்து நின்றேன். பின்னால் இரண்டு வரிசையும் நீண்டுகொண்டிருந்தன.