சலாம் போடாத வளைவு

ஆண்டியப்பனுக்கு மோட்டார் சைக்கிள் ஓட்டத் தெரியாது என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஓட்டத் தெரியும், நன்றாகவே தெரியும். விழவும் நன்றாகத் தெரியும், அதுதான் கோளாறு.

வட்டவளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் அவன் தபால்காரன். காலையில் ரயில் ஸ்டேஷனுக்கு இறங்கித் தபால் பையை வாங்கிக்கொண்டு, பங்களா, ஆபீஸ், மலை உச்சியில் மேக்கணக்கு என்கிற மேல் பிரிவில் தொழிலாளர்கள் குடியிருந்த லயங்கள் என்று ஏறி இறங்க வேண்டும். பல வருசம் நடந்தே காலைத் தேய்த்தான். 1957இல் தோட்டத்து உதவி மேனேஜரான சின்னத்தொரை ஜீப் வாங்கியதும், அவருடைய பழைய மோட்டார் சைக்கிள் தபாலுக்கு வந்து சேர்ந்தது. ஆண்டியப்பனுக்குத் தலைகால் புரியவில்லை. வண்டியைக் கழுவித் துடைத்து, விளக்குக்குப் பொட்டு வைத்து, தேயிலை ஆலையைக் காக்கிற ரோதைமுனிக்குச் சேவல் அறுத்த பிறகுதான் மிதித்துக் கிளப்பினான். அட்டன் டவுனுக்குப் போய் லைசன்சும் வாங்கிவிட்டான்.

பிறகு ஏன் விழுந்தான்? தோட்டத்து மேனேஜரான தொரையைக் கண்டு விழுந்தான். அந்தக் காலத்தில் தொரை எதிரே வந்தால், தொழிலாளி சைக்கிளிலிருந்து இறங்க வேண்டும், குடையை மடக்க வேண்டும், தலைப்பாகையை அவிழ்த்து, மழைத்தண்ணீர் ஓடுகிற ரோட்டோரக் கான் பக்கம் ஒதுங்கிச் சலாம் போட வேண்டும். நடந்துபோகிறவனுக்குச் சரி. ஓடுகிற மோட்டார் சைக்கிளில் இருக்கிறவன் என்ன செய்வான்? தொரையின் கார் தூரத்தில் தெரிந்ததுமே ஆண்டியப்பனின் கை தானாகத் தலைப்பாகைக்குப் போகும், கால் தானாக இறங்கப் பார்க்கும், வண்டி தானாகக் கானுக்குள் போகும். ஒருமுறை தேயிலைச் செடிக்குள் மல்லாந்து கிடந்தபடியே சலாம் போட்டான். லயம் முழுக்க அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தது. அடப்பாவிகளா, சிரிக்கிற விசயமா இது? சிரிக்கிற விசயம்தான்.

தொரைக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

"இன்னொரு தடவை விழுந்தா வண்டி வித்துடுவேன். நீ பழையபடி நட!"

அன்றோடு ஆண்டியப்பனுக்கு நிம்மதி போயிற்று. அந்த வண்டி அவனுக்கு உயிர். விழக்கூடாது, விழக்கூடாது என்று பல்லைக் கடித்தான், ஹேண்டிலை அட்டை மாதிரி ஒட்டிப் பிடித்தான், தோள் இரண்டும் காது வரை ஏறின. விறைத்துப்போய் ஓட்டியதில் சின்னக் கல்லுக்கெல்லாம் வண்டி ஆடியது. பயத்தில் பள்ளத்தையே பார்ப்பான். பார்த்த பக்கமே வண்டியும் போகும்.

"வண்டிய நீங்க ஓட்டுறீங்களா, அது ஒங்கள ஓட்டுதா?" என்று அவன் பெண்சாதி லெட்சுமி, விறைத்துப்போன கைக்கு எண்ணெய் தேய்த்துவிட்டுக்கொண்டே கேட்டாள்.

ஆடி மழை கொஞ்சம் விட்டிருந்த ஒரு மத்தியானம், மேக்கணக்கிலிருந்து செல்லசாமி குறுக்குப் பாதையில் தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு விழுந்தடித்து ஓடி வந்தான்.

"அம்மாக்கண்ணுக்கா! பூரணிக்கு வலி வந்திருச்சு. புள்ளைக்குக் காலுதான் மொதல்ல தெரியுதாம்!"

பூரணி அவன் பெண்சாதி. தலைப்பிரசவம். தோட்டத்து மருத்துவச்சி அம்மாக்கண்ணு அந்த நிமிசமே பெட்டியைத் தூக்கிவிட்டாள். ஆனால் தோட்டத்து லாரி தேயிலைப் பெட்டி ஏற்றிக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போயிருந்தது, தொரைமாரின் காரும் ஜீப்பும்கூட வெளியே போயிருந்தன. நடந்துபோனால் பூரணி பிழைப்பாளோ மாட்டாளோ. தோட்டத்து ஆஸ்பத்திரி வாசலில் தபால் கொடுக்க நின்ற ஆண்டியப்பனை எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"ஐயோ, நானா? ஒங்களக் கீழ தள்ளிருவேனுங்கக்கா."

"தள்ளுனா எந்திரிச்சுக்கிறேன். கெளப்பு தம்பி."

பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். முதல் வளைவிலேயே வண்டி ஆடியது. அம்மாக்கண்ணு அவன் தோளைத் தட்டினாள்.

"பல்லக் கடிக்கிறியா?"

"ஆமாங்கக்கா."

"கடிக்காத. வாயத் தொற. மூச்ச வெளிய விடு. ம், இன்னும் விடு. தோள எறக்கு."

"நான் என்ன புள்ளையா பெக்கப் போறேன்?"

"எல்லாம் ஒண்ணுதான்டா. இறுக்கிப் புடிச்சா ஒண்ணும் நகராது. பள்ளத்தப் பாக்காத, போற எடத்தப் பாரு!"

ஆண்டியப்பனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. சிரித்ததில் தோள் இறங்கிவிட்டது, விரல்கள் தளர்ந்தன, ஹேண்டில் ஆட்டம் நின்றது. அடுத்த வளைவில் அதன் மறுகோடியைப் பார்த்தான், வண்டி அந்தப் பக்கமே அலுங்காமல் திரும்பியது. அட, இவ்வளவுதானா!

முனியாண்டி கோயில் வளைவில் எதிரே வந்தது தொரையின் கார்.

வழுக்குகிற ரோடு, ஒரு பக்கம் பள்ளம். ஆண்டியப்பனின் கை வழக்கம் போலத் தலைப்பாகைக்குக் கிளம்பியது.

"மூச்சு!" என்று கத்தினாள் அம்மாக்கண்ணு.

மூச்சை விட்டான். கை ஹேண்டிலுக்குத் திரும்பியது. காருக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் இருந்த வழியை மட்டும் பார்த்தான். தொரை கண்ணாடி வழியே அவனையே பார்த்தார். அவன் தொரையைப் பார்க்கவில்லை. சலாமும் இல்லை, கிலாமும் இல்லை, வண்டி மேலே போய்க்கொண்டே இருந்தது.

பொழுது சாயுமுன் பூரணிக்குப் பெண் குழந்தை பிறந்தது. தாயும் பிள்ளையும் பிழைத்தார்கள். செல்லசாமி அழுதுகொண்டே எல்லார் வாயிலும் சீனி போட்டான். சீனியை விழுங்கும்போதுதான் ஆண்டியப்பனுக்குத் தொரை ஞாபகம் வந்தது.

மறுநாள் தொரை பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். வண்டியைக் கேட்டுக்கு வெளியே நிறுத்திவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்துக்கொண்டு போய்ச் சலாம் போட்டான்.

"நேத்து ஏன் சலாம் இல்ல?"

"கைய எடுத்தா விழுந்திருவேனுங்க தொரை. பின்னால மருத்துவச்சியக்கா இருந்தாங்க. மேல பூரணி உசுருக்குப் போராடிக்கிட்டு இருந்துச்சு." கொஞ்சம் யோசித்துவிட்டு, "நேத்துச் சலாத்தையும் இப்பவே போட்டுர்றேனுங்க" என்று இன்னொன்றும் போட்டான்.

தொரை அவனை ஏற இறங்கப் பார்த்தார். பிறகு வாய்விட்டுச் சிரித்துவிட்டார்.

"வண்டியில இருந்தா சலாம் வேணாம். ரோட்டப் பாரு."

அந்தச் சொல் அன்று சாயங்காலமே லயமெல்லாம் பரவிவிட்டது. சைக்கிளும் வண்டிதானே என்று, அடுத்த வாரம் தொரையைக் கண்டு சைக்கிள்காரர்கள்கூட இறங்கவில்லை. கணக்கப்பிள்ளை தலையில் அடித்துக்கொண்டார்.

ஆண்டியப்பன் அதற்குப் பிறகு விழவே இல்லை. எந்தத் தொரைக்கும் ஹேண்டிலிலிருந்து கையை எடுக்கவும் இல்லை. அம்மாக்கண்ணு பெட்டியோடு ரோட்டில் நடந்துவருவதைக் கண்டால் மட்டும், வண்டியை நிறுத்தி ஸ்டாண்டு போட்டுவிட்டு, தலைப்பாகையை அவிழ்த்து நடுரோட்டில் நின்று ஒரு பெரிய சலாம் போடுவான். கொழுந்தெடுக்கிற பெண்கள் மலையே அதிரச் சிரிப்பார்கள்.

"போடா கிறுக்கா, கெளப்பு" என்பாள் அம்மாக்கண்ணு, ஏறி உட்கார்ந்துகொண்டே.